மூன்றாவது காப்பி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

‘காப்பி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கல்லூரி நண்பர்களுக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, இடைவேளையில் கேன்டீனில் கிடைப்பது. மற்றொன்று, தேர்வறையில் முன்வரிசை நண்பனிடமிருந்து கிடைப்பது. முன்னதற்குக் காசு கொடுத்தால் போதும். பின்னதில் மாட்டிக்கொண்டால் ஓராண்டையே கொடுக்க வேண்டியிருக்கும். கணிப்பொறி பயிலும் எங்களுக்கு மூன்றாவது காப்பி ஒன்று உண்டு. அது டாக்கர் என்னும் மென்பொருளில் வரும் ஒரு கட்டளை. ஒரே வரிதான். அந்த ஒரு வரியை யோசிக்காமல் எழுதியதால், சென்ற பருவத்தில் என் விடுதித் தோழர்கள் 41 பேருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அதை மறைத்துவிட்டு இந்த மலரில் வேறு ஏதேனும் நல்ல தலைப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் என் தவறு மற்றவர்க்குப் பாடமாகுமெனின் அதை எழுதுவதே முறை என்று கருதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கட்டும் மென்பொருள் பெட்டிக்குள் செல்லும் ஒவ்வொரு கோப்பும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டே உள்ளே செல்ல வேண்டும். ‘எல்லாம் வரட்டும்’ என்று கதவை அகலத் திறந்துவைக்கும் பழக்கத்தை நாம் மாணவப் பருவத்திலேயே கைவிட வேண்டும். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

கப்பலிலிருந்து கணிப்பொறிக்கு

பிற துறை நண்பர்களுக்காக முதலில் இப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. அந்தப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. அதுவரை மூட்டையாகவும் பீப்பாயாகவும் கட்டாகவும் தனித்தனியே ஏற்றி இறக்கப்பட்ட சரக்கு, அதன் பிறகு ஒரே அளவுள்ள பெட்டிக்குள் அடைபட்டுச் செல்லத் தொடங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் துறைமுகப் பாரந்தூக்கிக்குக் கவலை இல்லை. பெட்டியைத் தூக்கி வைத்தால் போதும். உலக வாணிகத்தையே இந்த எளிய ஏற்பாடு மாற்றிவிட்டது என்றால் மிகையன்று.

இதே எண்ணம் கணிப்பொறித் துறைக்கும் வந்தது. ஒருவர் எழுதிய நிரல் அவருடைய கணிப்பொறியில் ஓடும். அடுத்தவர் கணிப்பொறியில் ஓடாது. “என்னிடம் ஓடுகிறதே!” என்று எழுதியவர் சொல்வார். “என்னிடம் ஓடவில்லையே!” என்று மற்றவர் சொல்வார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நடக்கும் வழக்கு இது. நிரலையும், அதற்கு வேண்டிய துணைநூலகங்களையும், அடிப்படைக் கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் எந்தக் கணிப்பொறியிலும் ஒரே மாதிரி ஓடும் அன்றோ? இதற்கு வழிசெய்யும் டாக்கரை, 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிடங்களே பேசி அறிமுகம் செய்தார். முதுகில் பெட்டிகளைச் சுமந்து செல்லும் திமிங்கிலமே அதன் சின்னம்.

பெட்டியைக் கட்டுவதற்கு ஒரு செய்முறைக் குறிப்பு எழுத வேண்டும். அதற்கு டாக்கர்ஃபைல் என்று பெயர். எந்த அடித்தளத்தின்மேல் கட்டுவது, எந்தக் கோப்புகளை உள்ளே வைப்பது, எந்தத் துணைநூலகங்களை நிறுவுவது, இறுதியில் எதை ஓட்டுவது என்று வரிவரியாக அதில் எழுதுவோம். அக்குறிப்பின்படி கட்டி முடித்ததற்கு இமேஜ், அதாவது படிமம், என்று பெயர். படிமத்தை ஓட்டினால் அதுவே கன்டெய்னர். இச்செய்முறையில் கோப்புகளை உள்ளே வைக்கும் வரிதான் நான் சொல்லவந்த ‘காப்பி’.

இரண்டு புள்ளிகளின் கதை

இந்த வரியை நம்மில் பெரும்பாலோர் எழுதும் முறை ஒன்றே ஒன்றுதான்: காப்பி என்று எழுதி, ஓர் இடம் விட்டு ஒரு புள்ளி; மீண்டும் இடம் விட்டு இன்னொரு புள்ளி. முதற்புள்ளிக்கு, ‘இந்தக் கோப்புறையில் உள்ள அனைத்தும்’ என்று பொருள். இரண்டாம் புள்ளிக்கு, ‘பெட்டிக்குள் இப்போது நிற்கும் இடத்தில்’ என்று பொருள். ஆக, இங்கிருப்பதையெல்லாம் அங்கே வை என்பதே அக்கட்டளை. நான் அதை எங்கே கற்றேன்? மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவருடைய ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதினேன். அவர் யாரிடமிருந்து பார்த்து எழுதினாரோ, அறியேன். காப்பி என்ற வரியையே காப்பியடித்துக் கற்றவர்கள் நாங்கள்!

எங்கள் துறை மன்றத்திற்காக, துறை நூலகப் புத்தகங்களை யார் எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று பதிவுசெய்யும் சிறு நிரலை நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதினோம். அதைச் சோதித்துப் பார்க்க மாணவர் பெயர்கள் சில தேவைப்பட்டன. என்னிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. விடுதியில் மடிக்கணினி வைத்திருப்பவர் சிலரே என்பதால், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்காக 41 பேருடைய விவரங்களை நானே தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். பெயர், தந்தை பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டியலை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அப்பட்டியலை நிரல் இருந்த கோப்புறையிலேயே போட்டு வைத்தேன். பிறகு காப்பி, புள்ளி, புள்ளி. பெட்டி கட்டப்பட்டது. மற்ற மூவரும் இறக்கிக்கொள்ள எளிதாக இருக்கட்டும் என்று, உலகில் எவரும் வந்து இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பில் அதை ஏற்றிவிட்டேன். நிரல் அழகாக ஓடியது. துறையில் எல்லோரும் கைதட்டினார்கள். என் தோழர்களின் கணக்கு எண்கள் உலகச் சந்தையில் கடைவிரித்துக் கிடந்ததை அந்தக் கைதட்டலில் யார் அறிந்தார்?

ஐந்தாம் நாள் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் அதைக் கண்டு என்னை அழைத்தார். எனக்கு வியர்த்துவிட்டது. உடனே டாக்கர்ஃபைலில் ‘அந்தப் பட்டியலை நீக்கு’ என்று ஒரு வரியைக் கீழே சேர்த்து, மீண்டும் கட்டி, மீண்டும் ஏற்றினேன். பெட்டியை ஓட்டிப் பார்த்தேன்; பட்டியல் இல்லை. “போய்விட்டது அண்ணா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, படிமத்தை ஒரே கோப்பாகச் சேமித்துப் பிரித்துப் பார்” என்றார். பிரித்தேன். உள்ளே அடுக்கடுக்காகத் தனித்தனிக் கட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் திறந்தபோது, 41 பெயர்களும் ஒரு குறையுமின்றி அப்படியே இருந்தன.

மறைத்தல் நீக்கல் ஆகாது

இதன் காரணத்தை எல்லோரும் அறிய வேண்டும். டாக்கர் படிமம் ஒரே துண்டாக இருப்பதன்று. கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடுக்கு வீதம், கீழிருந்து மேலாக அடுக்கப்படுவது அது. ஓர் அடுக்கு கட்டப்பட்டபின் அது மாறுவதில்லை. மேலடுக்கில் ‘நீக்கு’ என்று எழுதினால், கீழடுக்கில் உள்ள கோப்பு அழிவதில்லை. ‘இக்கோப்பைக் காட்டாதே’ என்ற குறிப்பு மட்டுமே மேலடுக்கில் எழுதப்படுகிறது. தரைவிரிப்புக்கு அடியில் குப்பையைத் தள்ளிவிட்டுக் கூட்டியாயிற்று என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. படிமத்தை இறக்கிக்கொள்பவர் எல்லா அடுக்குகளையும் சேர்த்தே இறக்குகிறார். விரிப்பைத் தூக்கிப் பார்க்க அவருக்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. இரண்டு கட்டளைகள் போதும்.

ஆகவே பெட்டிக்குள் தவறாக வைத்ததைப் பெட்டிக்குள்ளேயே திருத்த இயலாது. வைக்காமல் இருப்பது ஒன்றே வழி.

நான் அந்தப் பொதுப் படிமத்தையே அழித்தேன். அழிக்கும் முன், அது எத்தனை முறை இறக்கப்பட்டது என்ற எண்ணைப் பார்த்தேன். ஏழு என்றிருந்தது. நாங்கள் நால்வரும் ஒவ்வொரு முறை இறக்கினோம். மற்ற மூன்று முறை யார்? எங்களில் யாரேனும் மறந்துபோய் இருமுறை இறக்கினார்களா? தானே சுற்றித் திரிந்து எடுத்துவைக்கும் எந்திர நிரல்களா? தீய எண்ணத்தோடு தேடியவரா? இன்றுவரை விடை இல்லை. இனியும் கிடைக்கப் போவதில்லை.

அன்றிரவு விடுதி உணவுக்கூடத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், சிலர் திட்டினார்கள். ஆனால் என் அறைத்தோழன் கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது. “பணத்தை எடுத்துடுவாங்களாடா? அது வந்தாத்தான் பரீட்சை பீஸ் கட்ட முடியும்” என்றான். கணக்கு எண்ணை மட்டும் வைத்துப் பணத்தை எடுத்துவிட முடியாது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆயினும் முழு உண்மையன்று. பெயரையும் தந்தை பெயரையும் கணக்கு எண்ணையும் சரியாகச் சொல்லி, ‘வங்கியிலிருந்து பேசுகிறேன், செல்போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று ஒருவன் கேட்டால், ஊரில் இருக்கும் நம் தாய் தந்தையர் நம்பிவிட மாட்டார்களா? அன்றிரவே 41 பேரும் தத்தம் வீட்டிற்குப் பேசி எச்சரித்தார்கள். அந்த அழைப்புகளைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றவன் நான்.

பெரியவர்களும் தவறியதுண்டு

பட்டறிவில்லாத மாணவன் ஒருவன் செய்த பிழை இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டாக்கர் ஹப்பிலும் ஆயிரக்கணக்கான தனியார் கிடங்குகளிலும் இருந்த 3,37,171 படிமங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 8.5 விழுக்காட்டுப் படிமங்களில் மறைவாக இருக்க வேண்டிய செய்திகள் இருந்தன. 52,107 மறைச்சாவிகள் வெளிப்பட்டுக் கிடந்தன. அதாவது, ஏறத்தாழப் பன்னிரண்டு பெட்டிகளுக்கு ஒரு பெட்டியில் வீட்டுச்சாவி உள்ளே கிடந்திருக்கிறது. இவற்றைக் கட்டியவர்கள் எல்லோரும் இரண்டாம் ஆண்டு மாணவர்களா என்ன?

2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோட்கவ் நிறுவனத்திற்கு நேர்ந்ததும் குறிப்பிடத் தக்கது. அந்நிறுவனம் டாக்கர் படிமத்தை உருவாக்கும் முறையில் இருந்த ஒரு பிழையால், படிமத்தின் இடையடுக்கு ஒன்றில் ஒரு சாவி தங்கிவிட்டது. அதை எடுத்தவர்கள், வாடிக்கையாளர் பலர் நாள்தோறும் இறக்கிப் பயன்படுத்திய ஒரு நிரலை ஜனவரி 31 முதல் கள்ளத்தனமாக மாற்றத் தொடங்கினர். ஏப்ரல் 1-ஆம் நாள்தான் அது வெளிப்பட்டது. அதைக் கண்டதும் அந்நிறுவனமன்று. இறக்கிய நிரலின் சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்பட்ட எண்ணும் ஒத்துவரவில்லையே என்று கவனித்த ஒரு வாடிக்கையாளர். இரண்டு மாதம் எந்த மணியும் அடிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். என் கருத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

அப்பா சொன்ன கணக்கு

என் தந்தையார் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் லோடுமேனாக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் மூட்டைமேல் இட்ட மார்க்காவைப் பார்த்து எந்தச் சரக்கு எந்த ஊருக்கு என்று சொல்லிவிடுவார். பொங்கல் விடுமுறையில் இந்தச் சம்பவத்தைப் பயந்துகொண்டே அவரிடம் சொன்னேன். கணிப்பொறிக் கதை அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். என் அறியாமை!

“பில்லுல இல்லாத மூட்டைய எதுக்குடா வண்டியில ஏத்துன?” என்று கேட்டார்.

“எதாவது விட்டுப்போயிடுமோன்னு எல்லாத்தையும் ஏத்திட்டேம்பா” என்றேன்.

“மூட்ட கொறஞ்சா, எறக்குறவன் உடனே போனப் போட்டுக் கத்துவான். மறுநாளே அனுப்பிடலாம். கூடப் போனா எவன் கத்துவான்? அதான்டா கூடப் போகவே கூடாது” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. பெயர் சொல்லி ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒரு கோப்பு விட்டுப்போகலாம். விட்டுப்போனால் என்ன ஆகும்? நிரல் ஓடாது, பிழைச்செய்தி வரும், ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம். ‘எல்லாம் வரட்டும்’ என்னும்போது வேண்டாத கோப்பு கூடப் போய்விடும். போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நிரல் நன்றாகவே ஓடும், கைதட்டலும் கிடைக்கும். குறை கத்தும், மிகை கத்தாது. தவறுவது மனித இயல்பு எனின், கத்துகின்ற தவறைச் செய்வதே அறிவுடைமை.

அப்பாவிடம் இன்னொன்றும் கற்றேன். சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்லும் வண்டியில் ஓசூர்ச் சரக்கை உள்ளே ஆழத்தில் வைப்பார்கள். தருமபுரிச் சரக்கைக் கதவருகே வைப்பார்கள். மாற்றி வைத்தால் தருமபுரியில் பாதி வண்டியை இறக்கி ஏற்ற வேண்டும். டாக்கரிலும் இதே நியதிதான். காப்பி வரியில் கண்ட கோப்பின் உள்ளடக்கம் மாறவில்லையென்றால் முன்பு கட்டிய அடுக்கையே அது எடுத்துக்கொள்கிறது. மாறியிருந்தால் அந்த அடுக்கையும் அதற்கு மேலுள்ள அனைத்தையும் புதிதாகக் கட்டுகிறது. ஆகவே அரிதாக மாறும் துணைநூலகப் பட்டியலை முதலில் காப்பி செய்து, துணைநூலகங்களை நிறுவி, அடிக்கடி மாறும் நம் நிரலைக் கடைசியில் காப்பி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரியில் முதலிலேயே ஏற்றிவிட்டால், நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் துணைநூலகங்கள் முழுவதும் மறுபடியும் இணையத்திலிருந்து இறங்க வேண்டும். விடுதியில் செல்போன் டேட்டாவைப் பங்கிட்டு வாழும் நமக்கு அந்த வேதனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்யத் தக்கவை

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. செய்யத் தக்கவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, புள்ளிக்குப் பதிலாகப் பெயரை எழுதுவோம். துணைநூலகப் பட்டியல் ஒரு வரி. நிரல் இருக்கும் உட்கோப்புறை ஒரு வரி. சிறு நிரலுக்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் வராது.

இரண்டாவது, டாக்கர்இக்னோர் என்னும் விலக்குப் பட்டியலை டாக்கர்ஃபைலுக்கு முன்பே எழுதுவோம். கோப்புறையில் வைக்கும் இக்கோப்பில் கண்டவற்றைக் காப்பி வரி தொடாது. இதன் முதல் வரியில் நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அடுத்த வரிகளில் ஆச்சரியக்குறியிட்டு வேண்டியவற்றை மட்டும் அனுமதிக்கலாம். அப்பாவின் பில் இதுவே. பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் காப்பிக்குத் தெரியும். கடவுச்சொற்களை நாம் எழுதிவைக்கும் கோப்பும், நிரலின் பழைய பிரதிகளையெல்லாம் காத்துவைக்கும் கிட் கோப்புறையும் அத்தகையனவே.

மூன்றாவது, வெறுமனே கோப்பை வைக்க வேண்டிய இடத்தில் ‘ஆட்’ என்னும் கட்டளையைத் தவிர்த்துக் காப்பியையே பயன்படுத்துவோம். ஆட், இணைய முகவரியிலிருந்தும் கொண்டுவரும். சுருக்கிய கட்டைத் தானே பிரித்தும் போடும். சொன்னதை மட்டும் செய்பவனே நல்ல வேலையாள்.

நான்காவது, கட்டும்போது கடவுச்சொல் தேவைப்பட்டாலும் அதைக் காப்பி செய்யாதிருப்போம். குறிப்பிட்ட ஒரு வரி ஓடும் நேரத்திற்கு மட்டும் இரகசியத்தைக் காட்டி, அடுக்கில் தங்காமல் விலக்கிக்கொள்ளும் வசதி டாக்கரிலேயே உண்டு. அவ்வாறே, கட்டுவதற்கு வேண்டிய கருவிகளை ஒரு கட்டத்தில் வைத்துக்கொண்டு, முடிந்த பொருளை மட்டும் அடுத்த கட்டத்திற்குக் காப்பி செய்யும் பன்னிலை முறையும் 2017 முதல் இருக்கிறது.

மாறுபடுவோர்க்கு ஒரு சொல்

“பாடத்திட்டத்திலேயே இல்லாத பொருளுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு? ஓடினால் போதாதா?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஓடுவதற்கு மட்டும் மதிப்பெண் தரும் வழக்கம் ஆய்வுக்கூடத்தில் இருப்பதால் எழும் கேள்வி இது. என் நிரலும் ஓடத்தான் செய்தது! “வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்” என்பர் வேறு சிலர். இருபது வயதில் கை பழகியதை இருபத்தைந்தில் யார் வந்து மாற்றுவது? “புதிய பதிப்புகளில் தேவையான கோப்புகளை மட்டும்தானே அனுப்புகிறது?” என்பார் விவரம் அறிந்தவர். உண்மையே. 2023 முதல் இயல்பாகவே அமைந்துள்ள பில்ட்கிட் என்னும் கட்டுமுறை, காப்பி வரி கேட்பதை மட்டுமே எடுத்துச் செல்கிறது. ஆனால் நாம் எழுதிய வரி ‘எல்லாம்’ என்று கேட்டால், அதுவும் எல்லாவற்றையும் அல்லவா தரும்? எந்திரம் எவ்வளவு முன்னேறினாலும் எதைக் கேட்பது என்ற பொறுப்பு எழுதுபவனுடையதே.

எங்கள் துறைப் பேராசிரியர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். மன்றப் பயிற்சிகளில் டாக்கர்ஃபைல் எழுதும்போது, ஒவ்வொரு காப்பி வரிக்கும் எதிரே ‘எது, எதற்காக’ என்று இரண்டு சொல் எழுதச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது?” விடை சொல்லத் தெரியாதவனுக்கு, நிரல் ஓடினாலும் முழு மதிப்பெண் வேண்டாம். அந்தக் கேள்வி சென்ற ஆண்டு என்னிடம் கேட்கப்பட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். ஆனால் 41 வீடுகளுக்கு எச்சரிக்கை அழைப்பு போயிருக்காது.

உடன்பயிலும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நம்மில் பலர் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். ‘இந்த வரி எதற்கு?’ என்று கேட்டால், இதுகூடத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என அஞ்சி, முன்னோர் எழுதியதை அப்படியே எழுதிவிடுகிறோம். நான் கேட்காமல் இருந்ததும் அந்த வெட்கத்தால்தான். கேட்டிருந்தால் ஒரு நிமிட வெட்கம். கேட்காததால் ஊரறிந்த வெட்கம். படிக்கத் தெரியாத என் தந்தை, மார்க்கா விளங்காத மூட்டை ஒன்று வந்தால் ஆபீசில் நான்கு பேரைக் கேட்டுவிட்டுத்தான் தோளில் ஏற்றுகிறார். படிக்கத் தெரிந்த நாம் அதையேனும் செய்ய வேண்டாமா?

இந்த நூலகப் பதிவேட்டு நிரலை இப்போது மீண்டும் கட்டியிருக்கிறோம். அதில் மூன்று காப்பி வரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் எதை உள்ளே வைக்கிறது என்று எங்கள் நால்வரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சோதனைக்கு வைத்திருக்கும் பெயர்களும் நாங்களே கற்பனையாக இட்டவை. அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க நான் முதலில் அழைத்தது என் அறைத்தோழனைத்தான். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, “இப்ப ஏத்துடா” என்றான். அதன் பிறகே ஏற்றினேன்.

கேன்டீன் காப்பியைக் குடித்துவிட்டு மறந்துவிடலாம். தேர்வறைக் காப்பியை விட்டொழிக்கலாம். இந்த மூன்றாவது காப்பியை மட்டும், எதை ஏற்றுகிறோம் என்று அறிந்து, பெயர் சொல்லி, நிதானமாகச் செய்வோமாக!